துரை வீட்டு நுரை

பிரான்ஸின் பெரியே நுரைநீர் ஊற்றை 1903இல் வாங்கிய ஆங்கிலேயர் ஹார்ம்ஸ்வர்த், கார் விபத்தில் கால் முடங்கிப்போய்ச் சுழற்றியது நம்மூர்க் கர்லாக்கட்டை. அந்த நீர் வரும் பச்சைப் போத்தலின் தொந்திக்கும் அதுதான் அச்சு. நமக்கு ராயல்டி? மூச்!

ஊற்றின் தண்ணீரைத் தனியே, வாயுவைத் தனியே எடுத்துப் பிறகு கலப்பார்கள்; பெயர் மட்டும் ‘இயற்கை’. மலாயாவின் கெடா மாநில ரப்பர்த் தோட்டங்களில் ஒருவரும் கலக்காமலே நுரைத்தது கள். தோட்டத்திலேயே கடை, காலையில் பால் வெட்டிய காசு மாலையில் அங்கேயே கரைந்தது.

1990இல் பெரியேயில் பென்சீன் தென்பட்டது. கம்பெனியே 16 கோடி போத்தல்களைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. கள்ளுக்கோ கதை வேறு: 1947இல் கெடாவின் பெடோங்கில், மதுவை எதிர்த்த தொண்டர் படையினர் கள்ளுக்கடையை எதிர்த்து மறியல் செய்தார்கள். கடையைக் காக்க வந்தது போலீஸ்!