கோட்டு மட்டும் ஸ்டூடியோவோடது

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பக்கத்துப் பழைய போட்டோக்களைப் புரட்டினால் ஒன்று புரியும்: பெரிய மனுஷன் யாராவது வந்தாலொழிய இந்தப் பக்கம் கேமரா தலைவைத்துப் படுத்ததில்லை.

1856இல் தென்னிந்தியாவின் முதல் ரயில் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோட்டுக்குக் கவர்னர் ஹாரிஸ் பிரபுவைச் சுமந்துகொண்டு நம்ம ஊர் வழியாகத்தான் போனது. புகை கக்கியபடி ஓடும் இரும்பைக் கண்டு கொள்ளுத் தாத்தாக்கள் என்ன முழி முழித்தார்களோ, அது வரலாற்றுக்கு நஷ்டம்.

சென்னை ராஜதானிக்கென்றே லின்னேயஸ் டிரைப் என்று ஓர் அரசாங்கப் புகைப்படக்காரர் இருந்தார். 1858இல் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டை மட்டும் 21 படங்களாக எடுத்து ஒட்டினார். நீளம் ஏறக்குறைய 19 அடி. கல்லுக்குப் பத்தொன்பது அடி, அம்பத்தூர் ஏரியில் எருமை குளிப்பாட்டியவருக்கு ஓர் அங்குலம்கூடக் கிடையாது. டிரைப் மேல் கோபமில்லை. அந்தக் காலத்துக் கேமராவுக்கு ஆடாமல் அசையாமல் நிற்கும் ஆசாமிதான் வேண்டும். எருமை ஒத்துழைத்திருக்கும், எருமைக்காரர்தான் சந்தேகம்.

1955 ஜனவரியில் ஆவடிக்கு யோகம் அடித்தது. யு.என். தேபர் தலைமையில் காங்கிரஸ் மாநாடு. நேரு வந்தார், முதலமைச்சர் காமராஜர் ஓடியாடினார், சோஷலிச பாணி சமுதாயம் அமைப்பதாகத் தீர்மானம் போட்டார்கள். கேமராக்கள் மொய்த்தன. யாருக்காகத் தீர்மானமோ அந்த ஜனம் படங்களில் வெறும் தலைகளாக, பின்வரிசை போகப்போகக் கடுகாக. பத்து வருஷம் கழித்து, 1965இல், ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையிலிருந்து விஜயந்தா டாங்கி உருண்டு வந்தபோது அதற்காவது தனிப்படம் கிடைத்தது.

கேமரா வராவிட்டால் என்ன, நாம் போவோம் என்று நம்மவர்கள் ஸ்டூடியோவுக்குக் கிளம்பினார்கள். அங்கே நடந்ததுதான் நிஜமான கூத்து.

என் பெரியப்பாவின் கல்யாணப் போட்டோவை எடுத்துக்கொள்ளுங்கள். கோட்டு, டை, கையில் டெலிபோன் ரிசீவர். கோட்டு ஸ்டூடியோவோடது; ஊருக்கே ஒரே சைஸ். ஒல்லி ஆசாமி என்றால் முதுகுப்பக்கம் துணி கிளிப், குண்டு ஆசாமி என்றால் பொத்தான் போடாத ஸ்டைல். கீழே வேட்டி என்பதால் படம் இடுப்போடு முடிந்துவிடும். டெலிபோன் வயர் மேஜைக்காலைத் தாண்டி எங்கேயும் போகாது. ஆனாலும் பெரியப்பா முகத்தில் டிரங்க் கால் வந்த பரபரப்பு. பின்னால் திரையில் காஷ்மீர் ஏரி, அன்னப்பறவை. நாலு எட்டு நடந்தால் அம்பத்தூர் ஏரியே இருக்கிறது, கொக்கும் உண்டு. கொக்கெல்லாம் கல்யாணப் போட்டோவுக்கு ஆகுமா?

இன்னொரு படத்தில் சைக்கிள். 1949இல் அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸ் வந்தது, பர்மிங்ஹாம் கம்பெனி கூட்டோடு. அங்கே வேலை பார்த்த சித்தப்பா, நாள் முழுக்க சைக்கிளோடு மாரடித்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை சொந்த சைக்கிளைத் துடைத்து ஸ்டூடியோவுக்குள் உருட்டிப் போய்ப் பக்கத்தில் நின்று எடுத்துக்கொண்டார். வாட்ச் கட்டிய கை ஹேண்டில்பார் மேல், மணி தெரிகிற மாதிரி. சித்தி படத்தில் இல்லை. ஃபிரேமில் இடமில்லையாம்.

பாட்டி மட்டும் கடைசிவரை மசியவில்லை. போட்டோ எடுத்தால் ஆயுசு குறையும் என்பது அவள் கட்சி. எடுக்காமலே எண்பதைத் தாண்டியதால் யாரும் எதிர்த்துப் பேச முடியவில்லை. அவள் போன அன்றுதான் நாற்காலியில் உட்காரவைத்து, மாலை போட்டு, பிள்ளைகள் சுற்றி நின்று எடுத்தார்கள். "அசையாதீங்க" என்று போட்டோக்காரர் பழக்கதோஷத்தில் சொன்னாராம், பிள்ளைகள்தான் அசைந்தார்கள்.

பிரிண்ட் வந்தபோது டச்சப் செய்து கண்ணைத் திறந்திருந்தார்கள். காதில் எட்டுக்கல் கம்மல் வேறு வரைந்திருந்தார்கள். மருமகள்கள் இரண்டு பேரும் அந்தக் கம்மல் எங்கே போனது என்று பத்து வருஷம் பேசிக்கொள்ளவில்லை.