வராளியின் காந்தாரம்

திருவையாற்றுக் காவிரிக் கரையில், பெங்களூர் நாகரத்தினம்மாள் எழுப்பிய தியாகராஜர் சந்நிதியருகே, பந்தலின் கீழ் நூற்றுக்கணக்கான வித்வான்கள் ஏககாலத்தில் பஞ்சரத்ன கீர்த்தனங்களைப் பாடிக்கொண்டிருக்கையில், என் பக்கத்து ஜமக்காளத்தில் வீற்றிருந்த ரஸிக சிரோமணி ஒருவர், "வராளியில் காந்தாரம் சற்றே நழுவிவிட்டது, கவனித்தீரா ஸ்வாமி?" என்று என் தொடையைத் தட்டி வினவினார். அத்தனை சாரீரங்களுக்கிடையே நழுவியது எவருடைய காந்தாரம் என்பது, 1847-இல் ஸித்தியடைந்த தியாகராஜருக்கே வெளிச்சம். (ஆதி தாளத்துக்கு அந்த ரஸிகர் ஒன்பது எண்ணியதை மட்டும் நான் பார்த்தேன்; சொல்லவில்லை.) மாலையில், பெயர் தெரியாத இளைஞன் ஒருவன் தனக்களித்த சில நிமிஷங்களில் கேட்பவர் கண் கலங்கும்படி பாடியபோது, நம் சிரோமணி அசோகா அல்வா வாங்கப் போயிருந்தார்; திரும்பி வந்ததும், "சுமார்தான்" என்று தீர்ப்பளித்தார். அல்வாவுக்கும் அதே தீர்ப்பு.