வரம்பில்லாத வயல்

தம்பலகாமத்தில் வயலுக்கு வரம்பு உண்டு. கந்தளாய்க் குளத்துத் தண்ணீருக்கும் முறை உண்டு. இந்தக் கட்டுப்பாடெல்லாம் இல்லாமல் சுதந்திரமாக வாழ்வது என் கணினித் திரை ஒன்றுதான். காணி உறுதி, கரண்ட் பில், பேத்தியின் சாமத்திய வீட்டு அழைப்பிதழ் எல்லாம் ஒரே பந்தியில். ‘கடைசி’, ‘உண்மையான கடைசி’, ‘இதுதான் கடைசி’ என்று மூன்று கோப்புகள். பாமினி எழுத்துருவில் அடித்த விண்ணப்பம் புதுக் கணினியில் ஆங்கில எழுத்துச் சிதறலாகத் திறக்கிறது. என்ன பாதுகாப்பு! திருடனுக்கும் விளங்காது, எனக்கும் விளங்காது.

ஒழுங்காக வைத்தவர்கள் என்ன கண்டார்கள்? 2023 ஓகஸ்டில் இலங்கை அரசின் மேகக் கணினிக்குள் கப்பம் கேட்கும் நச்சுநிரல் புகுந்தது. மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்கள் போயின. சுமார் 5,000 முகவரிகள், அமைச்சரவை அலுவலகமும் சேர்த்தி. அந்த நாட்களுக்கு மாற்றுப் பிரதியும் இல்லை. இவ்வளவு துப்புரவாக மேசை துடைக்க யாரால் முடியும்? என்னிடமோ காணி உறுதிக்கு ஏழு பிரதிகள். ஏழும் ஒரே ஹார்ட் டிஸ்க்கில்.

“மாமா, நான் அடுக்கித் தாறன்” என்று மருமகன் உட்கார்ந்தான். ஐந்தே நிமிடம். திரையில் ‘ஒழுங்கு’ என்று ஒரே உறை. திறந்தேன். உள்ளே 2019இல் அவனே அடுக்கித் தந்த ‘ஒழுங்கு’. அதற்குள் 2014இன் ‘ஒழுங்கு’.

மனுசி அலுமாரியைத் திறந்து, பார்க்காமலே உறுதியை எடுத்து நீட்டினாள்.

உடனே ஸ்கேன் பண்ணி, ‘உறுதி 8’ என்று திரையில் போட்டுவிட்டேன்.