ஆர்.கே.புரத்துக்கு வந்த அமெரிக்கக் கணக்குப்பிள்ளை

வங்கியில் கணக்குத் தொடங்கப் போனால் ஆதார் கொண்டா, பான் கொண்டா என்பார்கள். வீட்டு வரவுசெலவு பார்க்க கம்ப்யூட்டரில் ஏற்றிய இந்த மென்பொருள் அப்படிப்பட்ட சந்தேகப் பிராணி அல்ல. பெயர்கூடக் கேட்காமல் 'செக்கிங் அக்கவுண்ட்' என்று தானே எழுதிக் கணக்கைத் திறந்துவிட்டது. அதில் பணம் இல்லை என்பதைத் தவிர வேறு குறை சொல்ல முடியாது.

ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸில் செக்டார் செக்டாராகத் தேடினாலும் செக்கிங் அக்கவுண்ட் வைத்திருப்பவர் அகப்படமாட்டார். நமக்குத் தெரிந்தது சேவிங்ஸ். கரண்ட் அக்கவுண்ட் என்பது வியாபாரிகள் சமாச்சாரம். அதற்கு வட்டி கொடுக்க ரிசர்வ் வங்கி விடுவதில்லை. நம் ஊர் வழக்கம் இப்படி என்பதற்காக மென்பொருள் ஊருக்கு ஊர் மாறினால் அதன் பரம்பரை கௌரவம் என்னாவது? 1983இல் பிறந்த இன்ட்யூட் கம்பெனி, தன் குவிக்கன் என்ற கணக்கு மென்பொருளின் திரையை அமெரிக்கர்களின் செக்புக் போலவே அமைத்தது. அந்தக் குலாசாரத்தை வழுவாமல் தில்லிவரை கொண்டுவந்திருக்கிறது இது.

தொலைநோக்கோ அபாரம். மெடிகேர், சோஷியல் செக்யூரிட்டி, ஃபெடரல் டாக்ஸ் என்று செலவுத் தலைப்புகள் தயார். சி.ஜி.எச்.எஸ்., ஜி.பி.எஃப்., குவார்ட்டர்ஸ் லைசென்ஸ் ஃபீ முதலிய சில்லறைப் பிடித்தங்களை நம் கற்பனைக்கே விட்டிருக்கிறது. செக்டார் ஏழு மலை மந்திர் உண்டியலில் போட்டதற்கு 'சாரிட்டி'. முருகனுக்கே தர்மம் போடுகிற துணிச்சல் சூரபத்மனுக்குக்கூட வந்ததில்லை.

காலத்தையும் வென்றது. மத்திய அரசு ஊழியருக்கு மார்ச் சம்பளம் ஏப்ரல் பிறந்த பிறகுதான் கைக்கு வரும். வங்கியின் பட்டியலில் 02/04 என்று இருந்ததை இது பிப்ரவரி 4 என்று படித்து, மார்ச் பிறக்குமுன்பே மார்ச் சம்பளத்தை வரவு வைத்துவிட்டது. எந்த சம்பளக் கமிஷனும் செய்யத் துணியாத சலுகை! பத்து ரூபாய்க் கொத்தமல்லிக்கு போனைக் காட்டிக் கட்டியது, அதே பட்டியலில் யு.பி.ஐ. என்ற எழுத்துக்குப் பின்னால் பன்னிரண்டு இலக்க எண்ணாக வந்து நிற்கிறது. அது கொத்தமல்லியா கறிவேப்பிலையா என்று ஒவ்வொரு வரியாக நான் சொல்லித் தரவேண்டும். ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களை வீணாக்காமல் இருக்க இதைவிட நல்ல வழி கிடையாது.

ஆனால் அதன் பெருந்தன்மையைப் பார்க்க வேண்டுமென்றால் கணக்கு உதைக்கும்போது பார்க்க வேண்டும். செட்டிநாட்டுக் கணக்குப்பிள்ளையிடம் ஐந்தொகை ஒரு காசு உதைத்தால் பேரேட்டைப் புரட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். இதற்கு அந்தப் பதற்றமெல்லாம் இல்லை. ஒரு பக்கம் எழுதி மறுபக்கம் விட்டுப்போனால், 'இம்பேலன்ஸ்' என்று தானே ஒரு கணக்கைத் திறந்து, விடுபட்டதை அதில் போட்டுக் கூட்டலைச் சரியாக்கிவிடுகிறது. என் 17 ரூபாய் 70 காசு அங்கேதான் குடியிருந்தது. எஸ்.எம்.எஸ். அனுப்பியதற்கு வங்கி பிடித்த பதினைந்து ரூபாய், அதற்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. இதைக் கண்டுபிடித்தது அந்த எஸ்.எம்.எஸ்.களை எண்ணிக்கொண்டிருந்த என் மனைவி. மென்பொருள் இப்படிப்பட்ட அற்பங்களில் தலையிடுவதில்லை.

போன வாரம் டி.ஏ. நிலுவை வந்தது. அதற்குத் தலைப்பு தேடினேன். வருமானப் பகுதியில் அது எனக்காக வைத்திருந்தது: 'வந்த அன்பளிப்புகள்'. நிலுவையைக் கொடுக்கிறவர்களின் மனசை இவ்வளவு துல்லியமாகப் படித்த மென்பொருள் வேறு இருக்க முடியாது.