எட்டில் நான்கு இலவசம்

கேள்வி: இத்தாலிய மொழி படிக்கிறேன். ஒரு வினைச்சொல்லுக்கு இத்தனை வடிவங்களா? எல்லாவற்றையும் மனப்பாடம் செய்யாமல் தப்ப வழி உண்டா?

பதில்: உண்டு. முதலில் வாய்ப்பாட்டு அட்டவணையை மூடி வையுங்கள். ஒன்றை உறுதியாகச் சொல்லும் வினைப்பாங்கில் காலங்கள் 8. அவற்றில் 4 கூட்டுக் காலங்கள். ‘எஸ்ஸெரே’, ‘அவெரே’ என்ற இரண்டு துணைவினைகளைக் கைவசப்படுத்தி, வினையின் இறந்தகால எச்ச வடிவத்தையும் தெரிந்துகொண்டால் அந்த நான்கும் தாமாக வந்து சேரும்.

பாஸ்ஸாட்டோ ரெமோட்டோ என்னும் இறந்தகாலம் வட இத்தாலியப் பேச்சில் அரிது. சிசிலியிலோ காலையில் குடித்த காப்பிக்கும் அதுதான்! நாவல் படிக்க ஆசையிருந்தால் கண்ணுக்குப் பழக்குங்கள், நாக்குக்கு அவசரமில்லை.

மெனக்கெட வேண்டியது கொன்ஜுன்டீவோ என்னும் இன்னொரு வினைப்பாங்குக்கு. ‘அவன் வருகிறான்’ என்று உறுதியாகச் சொன்னால் ‘வியெனே’. ‘வருகிறான் என்று நினைக்கிறேன்’ என்றால் ‘வெங்கா’. நினைப்பு, ஆசை, ஐயம், அச்சம் எல்லாம் வினையின் ஈற்றிலேயே தெரிந்துவிடும். பேசுகிறவரின் மனத்தை இவ்வளவு நுட்பமாகக் காட்டும் இலக்கணம் எனக்கு ஓர் அழகு. இத்தாலியர்களே இதில் இடறுவார்கள். பாவ்லோ வில்லாஜ்ஜோ நடித்த ‘ஃபான்டோட்ஸி’ (1975) படத்தின் டென்னிஸ் காட்சி இந்தத் தடுமாற்றத்தை வைத்தே நாட்டைச் சிரிக்கவைத்தது.

ஆகவே நிகழ்காலம், முடிந்ததைச் சொல்லும் பாஸ்ஸாட்டோ ப்ரொஸ்ஸிமோ, தொடர்ந்து நடந்ததைச் சொல்லும் இம்பெர்ஃபெட்டோ மூன்றையும் முதலில் வாய்விட்டுப் பேசிப் பழகுங்கள். அடுத்தது கொன்ஜுன்டீவோ. அதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள்.