கடலுக்குப் போன கொம்பியூட்டர்: கேள்வி – பதில்

கொம்பியூட்டரைப் பற்றிக் கேளுங்கள் என்று போன இதழில் சொன்னோம். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் மீன் வாசனை.

சம்மாட்டி ஒருவர், மயிலிட்டி: நாங்கள் வெள்ளி பார்த்துக் கடலுக்குப் போனோம். இப்பத்தைப் பொடியள் ஜி.பி.எஸ். இல்லாமல் வள்ளத்தில் கால் வைக்கிறாங்கள் இல்லை. தொழில் அழிஞ்சுபோச்செண்டு சொல்லலாமோ?

வெள்ளி முகிலுக்குள் போனால் உங்களுக்கும் கும்மிருட்டுத்தானே ஐயா! தொழில் இருக்கிறது, இரகசியம்தான் இடம் மாறிவிட்டது. கூடப்பிறந்த தம்பிக்கும் சொல்லாமல் நீங்கள் நெஞ்சுக்குள் வைத்திருந்த, மீன் கூடும் பாரெல்லாம் இப்போது கருவிக்குள் புள்ளியாய்க் கிடக்கிறது. கருவி களவுபோனால் பாரும் போச்சு.

அதே கரையிலிருந்து இன்னொருவர்: அந்தக் கருவி எல்லைக் கோட்டையும் காட்டுமாம். பிறகேன் இந்திய றோலர் வருகுது?

1974இல் வரைந்த கோடு. அன்றைக்கு அது காகிதத்தில் மட்டும் இருந்தது. 'தெரியாமல் வந்துவிட்டோம்' என்றால் நம்பலாம். இன்றைக்கு அது வள்ளத்துக்குள்ளேயே ஒளிர்கிறது. ஆனால் மீன் எந்தப் பக்கம் நிற்கிறதோ அந்தப் பக்கம்தான் றோலரும் போகும். இழுவைமடியை 2017இல் இலங்கை சட்டம் போட்டுத் தடுத்தது. பிடிபட்ட றோலர்களைக் கொண்டுவந்து மயிலிட்டித் துறையில் கட்ட, உங்கள் வள்ளத்துக்கு இடமில்லாமல் போனது. கோட்டைக் காட்டத்தான் கருவி. மறிக்க வேறு ஆள் வேண்டும்.

பலநாள் கலம் வைத்திருப்பவர்: கலத்தில் பூட்டின பெட்டி நாங்கள் நிற்கிற இடத்தைக் கொழும்புக்குக் காட்டிக் கொடுக்குதே?

'எங்கை நிக்கிறியள்?' என்று முன்பு மனிசி மட்டும் கேட்டாள். 2015 ஜனவரியில் ஐரோப்பிய ஒன்றியம் இலங்கை மீனுக்குக் கதவைச் சாத்தியபின் பிரசெல்ஸும் கேட்கத் தொடங்கியது. கலங்களைச் செய்மதியால் கண்காணிக்க ஏற்பாடு செய்த பிறகுதான் 2016இல் கதவு திறந்தது. மனிசிக்குச் சொல்லும் பதிலைப் பெட்டி சொல்லாது, கவனம்.

வாசகி, ரொறன்ரோ: இடம்பெயர்ந்திருந்த காலத்தில் கூகிள் ஏர்த்தில் எங்கள் மயிலிட்டி வளவைத் தேடிப் பிடித்தேன். கூரையைக் காணவில்லை, கிணறு மட்டும் வட்டமாய்த் தெரிந்தது. இப்ப விட்டாச்சாம். வந்து பார்க்கவோ, படமே போதுமோ?

1990 ஜூனில் வெளிக்கிட்ட ஊர். துறைமுகத்தோடு சேர்ந்த 54 ஏக்கரை இராணுவம் விட்டது 2017 ஜூலை 3இல். இடையில் 27 வருசம். 2005இல் கூகிள் ஏர்த் வந்தபிறகு, காவலரணில் மறிபடாமல் ஊருக்குப் போக இருந்த ஒரே வழி ஆகாய வழிதான். அதில் கிணறு தெரியும், எல்லைக்கல் தெரியாது. பக்கத்து வளவுக்காரர் வேலியை எவ்வளவு தள்ளி அடைத்திருக்கிறார் என்பதும் தெரியாது. வலிகாமம் வடக்கில் விடாத காணி இன்னும் உண்டு. உங்கள் துண்டு எந்தப் பக்கம் என்று முதலில் கிராம அலுவலரைக் கேளுங்கள், பிறகு ரிக்கெற் போடுங்கள். உறுதியின் மூலப்பிரதியைக் கையோடு கொண்டு வாருங்கள். பிரதேச செயலகத்தில் போய் ஐபாட்டில் கிணற்றைக் காட்டினால் தேத்தண்ணி தருவார்கள், காணி தரமாட்டார்கள்.

ஒரு வாசகர், காங்கேசன்துறை: 2022இல் எரிபொருளுக்குக் கியூ.ஆர். வந்து நன்மை ஏதும் உண்டோ?

வரிசை ஒழுங்காக நின்றது. மண்ணெண்ணெய் 87 ரூபாயிலிருந்து 340க்கு ஒரே இரவில் ஏறியதும் அதே ஆண்டு ஓகஸ்ட்டில்தான்.

உயர்தர மாணவி, மயிலிட்டி: அப்பா கடலில் நின்றே வாட்ஸ்அப்பில் மீன் விலை கேட்கிறார். லாபம் அப்பாவுக்கோ, முதலாளிக்கோ?

நல்ல கேள்வி, தங்கச்சி. கேரளக் கரையில் இதை ஒருவர் கணக்குப் பார்த்திருக்கிறார். 1997 தொடக்கம் 2001 வரை அங்கே பகுதி பகுதியாகக் கைபேசி வந்தது. சாளை விலைக்கு அதனால் என்ன நடந்தது என்று ரொபர்ட் ஜென்சன் என்ற பொருளியலாளர் ஆராய்ந்து 2007இல் எழுதினார். போன் வரமுன், ஒரு துறையில் வாங்க ஆளில்லாமல் மீனைக் கடலில் கொட்டுவார்கள். சில மைல் தள்ளி அடுத்த துறையில் வாங்க நின்ற சனத்துக்கு மீன் இராது. போன் வந்ததும் விலை கேட்டு வள்ளத்தைத் திருப்பினார்கள். மீனவர் லாபம் 8 வீதம் கூடியது, வாங்குபவர் கொடுத்த விலை 4 வீதம் குறைந்தது. இரண்டு பக்கமும் சிரித்த வியாபாரம் அபூர்வம்.

ஆனால் அப்பா வலைக்கும் இயந்திரத்துக்கும் முதலாளியிடம் முற்பணம் வாங்கியிருக்கிறாரா என்று கேட்டுப் பாருங்கள். வாங்கியிருந்தால் பருத்தித்துறை விலை தெரிந்தும் மீனை அவருக்கேதான் போட வேண்டும். அப்போது வாட்ஸ்அப், எவ்வளவு நட்டம் என்பதை மட்டும் சதக்கணக்காய்ச் சொல்லும்.

ஓய்வுபெற்ற ஆசிரியர், தெல்லிப்பழை: முந்தி ரைப் பண்ணி வைத்த கோயில் வரலாறு, புதுக் கொம்பியூட்டரில் மந்திரவாதியின் ஏடு மாதிரித் திறக்கிறது. செய்வினையோ?

பாமினி எழுத்துரு, மாஸ்ரர். உள்ளே இருப்பது ஆங்கில எழுத்து, மேலே தமிழ் வேடம். எழுத்துரு இல்லாத கணினியில் வேடம் கலைந்து, மெய்யின் புள்ளி இருந்த இடமெல்லாம் அரைப்புள்ளி நிற்கும். யூனிகோடுக்கு மாற்றும் கருவிகள் இணையத்தில் காசில்லாமல் கிடைக்கின்றன. மாற்றிய கையோடு நூலகம் நிறுவனத்துக்கு ஒரு பிரதி அனுப்புங்கள். 2005 தொடக்கம் ஈழத்துப் புத்தகங்களோடு நினைவு மலர்களையும் சேர்த்து வைக்கிறார்கள். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்து 97,000 நூல்களை ஒரே கட்டடத்தில் இழந்த எங்களுக்கு, பிரதி எதற்கு என்று எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

குடும்பத்தலைவி, மயிலிட்டி: இந்தக் கொம்பியூட்டர் ஒரு உயிரையாவது காப்பாற்றி இருக்குமோ?

புதுச்சேரிப் பக்கம் நல்லவாடு என்ற மீனவ ஊரைக் கேளுங்கள். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அங்கே வைத்திருந்த அறிவு மையத்தில், கணினியில் அலைச் செய்தி பார்த்து ஒலிபெருக்கியில் சொல்வது வழக்கம். 2004 டிசம்பர் 26 சுனாமியன்று சிங்கப்பூரில் வேலை செய்த ஊர்ப்பிள்ளை ஒருவர் தொலைக்காட்சியைப் பார்த்துப் பதறி வீட்டுக்குப் போன் எடுத்தார். செய்தி அதே ஒலிபெருக்கியில் போனது. ஊர் எழும்பி ஓடியது, தப்பியது. அன்றைக்குக் காப்பாற்றியது கணினியோ, போனோ, ஒலிபெருக்கியோ என்று பட்டிமன்றம் வைக்கலாம். தப்பியவர்கள் நடுவராக இருக்கட்டும்.

தகப்பன் ஒருவர், மயிலிட்டி: மகனைக் கடலுக்கு விடவோ, கொம்பியூட்டர் படிக்க விடவோ?

2025 செப்டெம்பர் 1இல் ஜனாதிபதி யாழ்ப்பாணம் வந்து மயிலிட்டித் துறைமுகத்தின் மூன்றாம் கட்ட வேலையைத் தொடக்கினார். அதே நாளில் மாவட்டச் செயலகத்தில் கடவுச்சீட்டு அலுவலகத்தையும் திறந்தார். மகன் எந்த வாசலில் நிற்கிறான் என்று பார்த்து எழுதுங்கள், அடுத்த இதழில் பதில் சொல்லுறம்.