மாலை இல்லாத பாராட்டு விழா

இல்லத்தரசி, திண்டுக்கல்: கல்யாணமான நாள் முதல் சமைத்துப் போடுகிறேன். ஒரு நாளாவது ‘நன்றாக இருக்கிறது’ என்று என் வீட்டுக்காரர் வாய் திறந்ததில்லை.

சாதத்துக்கு இரண்டாம் தடவை தட்டை நீட்டுகிறாரா? நீட்டினால் வாய் திறக்க வேண்டிய அவசியமே இல்லை. உப்பு குறைந்தால் மட்டும் பேச்சு வருகிறது என்றால், ஒரு வாரம் அம்மா வீட்டுக்குப் போய் வாருங்கள். இரண்டாம் நாளே போன் வரும்: “ரசத்துக்குப் புளி எவ்வளவு கரைக்கணும்?” அதுதான் உங்களுக்கு அவர் எடுக்கும் பாராட்டு விழா. மாலை, பொன்னாடை கிடையாது. அவ்வளவுதான்.

கல்லூரி மாணவர், கோவை: பரீட்சைக்கு முன்னால் சாமி கும்பிடுவது லஞ்சம் இல்லையா?

லஞ்சம் என்றால் காரியம் முடிந்திருக்குமே! பூந்தோட்டம் பக்கத்தில் கூத்தனூர் சரஸ்வதி கோயிலுக்குப் போய்ப் பாருங்கள். பிள்ளைகள் பேனாவை வைத்துக் கும்பிடுவார்கள், நோட்டை வைத்துக் கும்பிடுவார்கள். விடைத்தாளை வைத்தவர் யாரும் கிடையாது. திருத்துகிற வேலையையும் அவள் தலையில் கட்டினால் நிலைமை என்ன ஆகும் என்று எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது.

ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி, விருத்தாசலம்: கடவுளிடம் பணம் கேட்பது கேவலம் என்கிறாள் என் மகள். உங்கள் கருத்து?

அந்த ஊரில் உட்கார்ந்துகொண்டா இதைக் கேட்கிறீர்கள்! உங்கள் ஊர்ச் சிவனிடம் 12,000 பொன் வாங்கிய ஆள் சுந்தரர். வாங்கியதும் அவருக்கு வந்த கவலை, வங்கிக்காரரான உங்களுக்குத்தான் முழுசாகப் புரியும். இத்தனை பொன்னையும் கட்டிக்கொண்டு திருவாரூர் வரைக்கும் எப்படிப் போவது? ‘மணிமுத்தாற்றில் போடு, திருவாரூர்க் குளத்தில் எடுத்துக்கொள்’ என்று பதில் வந்தது. மனுஷன் போட்டார். ஆனால் போடுவதற்கு முன் மாதிரிக்கு ஒரு துண்டு பொன்னை வெட்டி மடியில் வைத்துக்கொண்டார். நம்பிக்கை வேறு, ரசீது வேறு.

திருவாரூரில் மனைவி பரவையாரைக் கூட்டிக்கொண்டு கமலாலயத்தில் இறங்கித் துழாவினால், உடனே கைக்கு எதுவும் சிக்கவில்லை. ஆற்றில் போட்டுவிட்டுக் குளத்தில் தேடுகிறீர்களே என்று அந்த அம்மாள் கேலி செய்கிறார். (எந்த வீட்டில்தான் செய்ய மாட்டார்கள்?) சுந்தரருக்கு ரோஷம் வந்து பாடினார், பொன் வந்தது. அதோடு விட்டாரா? மடியிலிருந்த மாதிரியோடு உரைத்துப் பார்த்தார். மாற்று குறைந்தது. திரும்பவும் பாடினார், மாற்றுச் சரியானது. பொன்னை உரைத்துச் சான்று சொன்னவர் என்று மாற்றுரைத்த பிள்ளையார் இன்றைக்கும் குளக்கரையில் இருக்கிறார்.

கேட்டார், சந்தேகப்பட்டார், தரம் சரியில்லை என்று புகாரும் கொடுத்தார். அவருக்கு நாம் கொடுத்திருக்கும் பட்டம் ‘தம்பிரான் தோழர்’. உங்கள் மகளிடம் சொல்லுங்கள்: கேட்பது கேவலமில்லை, கேட்ட பிறகு எண்ணிப் பார்ப்பதும் கேவலமில்லை.

ஐ.டி. ஊழியர், பெங்களூரு: அப்பாவிடம் பாசத்தை எப்படிக் காட்டுவது? கட்டிப்பிடித்தால் பயந்துவிடுவார்.

கட்டிப்பிடிக்காதீர்கள். காய்ச்சலா என்று நெற்றியைத் தொட்டுப் பார்ப்பார், அப்புறம் அம்மாவைக் கூப்பிட்டு “இவனுக்கு வேலை போயிடுச்சா கேளு” என்பார். அதற்குப் பதிலாக, உங்களுக்கு விடை தெரிந்த கேள்வி ஒன்றை அவரிடம் கேளுங்கள். “மோட்டாருக்கு காயில் கட்ட யாரிடம் கொடுக்கலாம்?” என்பது போல. ஒரு மணி நேரம் பேசுவார். நடுவில் செல்போனைப் பார்க்காமல் இருந்தால் போதும்.

என் அப்பா எழுதிய கடிதங்களில் மழை, நெல் விலை, பக்கத்து வீட்டுத் தகராறு எல்லாம் இருக்கும். நான் எப்படி இருக்கிறேன் என்ற கேள்வி மட்டும் இருக்காது. ஆனால் நான் ஊருக்குப் போன மறுநாள் காலையில் திண்ணையோரம் என் பழைய சைக்கிள் துடைத்து, காற்றடித்து நிற்கும். நான் சைக்கிள் மிதித்து வருஷக்கணக்காகிறது என்பது அவருக்கும் தெரியும். “சும்மாதான் கிடந்துச்சு” என்பார். நானும் சும்மா ஒரு சுற்று போய்விட்டு வருவேன்.

புதுமணப்பெண், சேலம்: என் மாமியார் எனக்காக விரதம் இருக்கிறாராம். நம்பலாமா?

தாராளமாக நம்பலாம். என்ன வேண்டிக்கொண்டார் என்று மட்டும் விசாரிக்காதீர்கள்.

பகுத்தறிவாளர், ஈரோடு: எனக்குக் கடவுள் நம்பிக்கை கிடையாது. பழனிக்குத் துணைக்கு வா என்று அம்மா கூப்பிடுகிறார். போனால் கொள்கை என்ன ஆவது?

அது அடிவாரத்தில் பத்திரமாக இருக்கும், திரும்பும்போது எடுத்துக்கொள்ளலாம். மலைக்கு 690-க்கு மேல் படிகள். அம்மாவின் முழங்காலுக்கு விஞ்ச் வேண்டும். விஞ்ச் வரிசையில் கால் கடுக்க நிற்க ஒரு ஆள் வேண்டும். அந்த ஆள் ஆத்திகனா நாத்திகனா என்று கவுன்டரில் கேட்பதில்லை. பஞ்சாமிர்தத்துக்குத் தயங்க வேண்டாம். 2019-இல் புவிசார் குறியீடு வாங்கிவிட்டது. பகுத்தறிவோடு நக்கலாம்.

துலாம் ராசிக்காரர், தேனி: சனி என்னைத் துரத்திக்கொண்டே இருக்கிறார். எப்போது விடுவார்?

சூரியனை ஒரு சுற்றுச் சுற்றிவர அவருக்கு ஏறக்குறைய 29½ ஆண்டு ஆகிறது. அவ்வளவு நிதானமாக நடக்கிறவர் உங்களைப் பிடித்துவிட்டார் என்றால், ஐயா, கொஞ்சம் எழுந்து நடமாடுங்கள்.

வாசகி, நாகப்பட்டினம்: நான் வேளாங்கண்ணிக்கும் நேர்ந்துகொள்கிறேன், நாகூருக்கும் நேர்ந்துகொள்கிறேன். எங்கள் குலசாமி கோபித்துக்கொள்ளுமா?

நாகூர் தர்காவின் பெரிய மினாரா 131 அடி. கட்டிக்கொடுத்தவர் தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப் சிங். பிள்ளை வரம் கேட்டுப் பலித்ததற்காகக் கட்டினார் என்பார்கள். ராஜா வீட்டுக் குலதெய்வமே பொறுத்துக்கொண்டிருக்கிறது. உங்கள் குலசாமிக்கு வேண்டியதெல்லாம் வருஷத்துக்கு ஒரு பொங்கல். அதை மறந்துவிட்டு ஊர் சுற்றினால்தான் கோபம் வரும், அதுவும் உங்கள் சித்தப்பாவின் வாய் வழியாக.

தமிழாசிரியர், வேலூர்: பக்தியும் சிரிப்பும் ஒத்துப்போகுமா?

உங்கள் மாவட்டத்துக்காரரைக் கேட்டிருக்க வேண்டும். காங்கேயநல்லூரில் பிறந்த வாரியார் சுவாமிகள் (1906–1993) கதை சொல்லும்போது முன் வரிசையில் குழந்தைகளை உட்காரவைத்துக் கேள்வி கேட்பார். குட்டிப் பையன் எடக்காகப் பதில் சொன்னாலும் சபையோடு சேர்ந்து சிரிப்பார். 1965-இல் வந்த ‘திருவிளையாடல்’ படத்தில் சிவாஜி சிவபெருமானாக வந்து அத்தனை கம்பீரமாக நடித்தும், ஜனங்கள் இன்றைக்கும் நடித்துக்காட்டுவது தருமியாக வந்த நாகேஷைத்தான். கோயிலில் தன்னந்தனியாக நின்று புலம்புகிறாரே, நம்மில் முக்கால்வாசிப் பேரின் பிரார்த்தனை அந்த ராகத்தில்தான் இருக்கிறது. என்னைக் கேட்டால், உம்மென்று நிற்கிற பக்தரைவிடச் சாமிக்குத் தருமியைத்தான் பிடிக்கும்.

ஆட்டோ ஓட்டுநர், திருவொற்றியூர்: சம்சாரம் பேசி ஒரு வாரமாகிறது. யாரைத் தூது அனுப்பலாம்?

மேலே விருத்தாசலத்துக்காரருக்குச் சொன்ன அதே சுந்தரர், உங்கள் ஊரில்தான் சங்கிலியாரை இரண்டாவதாகக் கல்யாணம் செய்துகொண்டு மாட்டினார். திருவாரூரில் பரவையார் கதவைச் சாத்திவிட்டார். சமாதானம் பேச நடு ராத்திரியில் சிவபெருமானே தெருவில் நடந்தார். முதல் தடவை அர்ச்சகர் வேஷத்தில் போய், முடியாது என்று கேட்டுத் திரும்பினார். இரண்டாம் தடவை சொந்த உருவத்தில் போன பிறகுதான் காரியம் நடந்தது. கடவுளுக்கே இரண்டு நடை. உங்கள் மச்சானை அனுப்பி ஒரே நடையில் முடிக்கப் பார்க்காதீர்கள். நீங்களே போங்கள், வேஷமில்லாமல். வழியில் மல்லிகைப்பூ கிடைத்தால் நாலு முழம் வாங்கிக்கொள்ளுங்கள்.

வாசகர், காரைக்குடி: ‘இந்தச் சாமி படத்தை 11 பேருக்கு அனுப்பாவிட்டால் கெடுதல் வரும்’ என்று மாமா வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறார். என்ன செய்ய?

மாமாவுக்கே 11 தடவை அனுப்புங்கள்.